வேற எடம் பாத்துக்கங்க

தமிழும் மலையாளமும் கலந்த எல்லையோர ஊரான நல்லேப்பிள்ளியில் பூவாத்தாள் அளவெடுக்காத முதுகு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். கடைவீதித் திருப்பத்தில், வீட்டின் முன்னறையையே கடையாக்கி, பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறவள். கல்யாணமாகி வந்த புதிதில் மிதிக்க ஆரம்பித்த மெஷினுக்குப் பிற்பாடு மோட்டார் வந்ததைத் தவிர அந்தக் கடையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

ரோட்டில் போகிற பெண்ணைப் பின்னாலிருந்து பார்த்தால் போதும், பேரைச் சொல்லிவிடுவாள். எந்தத் தோள் சாய்கிறது, கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது, நடக்கும்போது எந்தப் பக்கம் துணி இழுக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதே பெண்ணை முன்பக்கம் திருப்பி நிறுத்துங்கள், முழிப்பாள். கண்ணில் கோளாறு ஒன்றும் கிடையாது. கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறவள். எதிரில் நிற்பவரின் கண்ணும் மூக்கும் வாயும் தனித்தனியாகப் பளிச்சென்று தெரியும். அவற்றைச் சேர்த்து வைத்து, இது இன்னார் என்று மனசு சொல்ல வேண்டுமே, அது மட்டும் சொல்லாது.

மற்றவர்களுக்கும் இப்படித்தான், அவர்கள் கவனமாக இருந்து ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், தனக்குத்தான் கவனம் பத்தாது என்று சின்ன வயசிலிருந்தே நம்பிக்கொண்டிருந்தாள். டீச்சர் சொன்னதும் அதைத்தான், பிற்பாடு மாமியார் சொன்னதும் அதைத்தான். ஊர் சொன்னது வேறு. ஊர் ஒரே வார்த்தையில் திமிர் என்று முடித்துவிட்டது.

இதற்கு அவள் கண்டுபிடித்த மருந்து, "வாங்க". அந்தப் பக்கத்தில் வீட்டு வாசலுக்கு வந்தவரை வாங்க என்று கேட்காவிட்டால் அதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. "ஒரு வாங்கன்னு கேக்கலீங்க" என்று ஆரம்பித்த சண்டை பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் ஓடும். அதனால் பூவாத்தாள் யாரையும் விடுவதில்லை. மீட்டர் பார்க்க வந்தவரை வாங்க என்றாள். வாளையாருக்கு வழி கேட்ட லாரி டிரைவரை, "வாங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?" என்று விசாரித்ததில் அந்த மனுஷன் கண் கலங்கி ஊர்க்கதை சொல்லிவிட்டுப் போனான். வந்தவர் வாயைத் திறக்கிற வரைக்கும் அவர் காதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். காது ஆளுக்கு ஆள் வேறு. அதில் தொங்குகிற தோடு இன்னும் வேறு. குரல் வந்ததும் பாதிப் பேரைப் பிடித்துவிடலாம். மீதிப் பாதியைச் சிரித்தே சமாளிப்பாள்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். மகள் தாரணிக்குக் கல்யாணம் கூடி வந்ததில்தான் மாட்டிக்கொண்டாள்.

மாப்பிள்ளை அருள்குமார், கொழிஞ்சாம்பாறைக்காரன். வாளையார் ரோட்டில் டயர்க் கடை வைத்திருக்கிறான். தாரணிக்கு அவனை நன்றாகப் பிடித்துப்போயிருந்தது. அவன் பேரில் போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா கமலாத்தாளும் பூவாத்தாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மைக்செட் அலறியதில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. பூவாத்தாள் தன் வழக்கப்படி சம்பந்தியின் காதைப் பிடித்துக்கொண்டாள். பெரிய எட்டுக்கல் வைரத்தோடு. இனி இது ஒன்று போதும் என்று நிம்மதியாகப் பாயசம் குடித்தாள். கமலாத்தாள் கை கழுவ எழுந்து போனபோது முதுகையும் பார்த்தாள். வலது தோள் ஒரு விரல் இறங்கியிருந்தது, எந்தப் புண்ணியவானோ அதைக் கவனிக்காமல் ஜாக்கெட் தைத்திருந்தான். நாமே ஒன்று தைத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஓணத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, தையல் மலையாகக் குவிந்து கிடந்த ஒரு காலை வேளையில், இரண்டு பெண்கள் துணிப்பையோடு கடைக்குள் வந்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பூவாத்தாள் நிமிர்ந்து முதலில் நின்றவளின் காதைப் பார்த்தாள். சின்னத் தங்க வளையம். தெரியாத காது.

"வாங்க, வாங்க. உக்காருங்க. அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா?"

அந்தப் பெண் ஏதோ வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள். "கல்யாண விசயமா வந்தமுங்க."

"எந்தக் கல்யாணமா இருந்தாலுஞ் செரிங்க, ஓணம் கழியற வரைக்கும் என்னால ஆகாதுங்க. வேற எடம் பாத்துக்கங்க."

தையற்காரி தினமும் பத்துப் பேரிடம் சொல்கிற வார்த்தைதான். ஆனால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம். வந்தவள் முகத்தில் சிரிப்பு நின்றது. கூட வந்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், முதலில் நின்றவள் அவள் கையைப் பிடித்து அடக்கினாள். பையை எடுத்துக்கொண்டு இருவரும் திரும்பினார்கள்.

திரும்பியதும் பூவாத்தாளுக்கு முதுகு தெரிந்தது. வலது தோள் ஒரு விரல் இறங்கியிருந்தது.

"சம்மந்தி" என்று கத்திக்கொண்டே எழுந்து ஓடினாள். ஆட்டோ கிளம்பிவிட்டது. கடைவீதி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஆட்டோவின் பின்னால் கோயில் வரைக்கும் ஓடினாள். மூச்சு வாங்கி நின்ற பிறகுதான் கையில் பெரிய கத்திரிக்கோல் இருப்பதைக் கவனித்தாள். இதைக் கமலாத்தாளின் நாத்தனார், கூட வந்தவள், கொழிஞ்சாம்பாறை முழுக்க வேறு விதமாகச் சொன்னாள். வேறு இடம் பார்க்கச் சொன்னதோடு விடாமல் கத்திரிக்கோலைத் தூக்கிக்கொண்டு விரட்டினாளாம்.

சாயங்காலம் பூவாத்தாளின் கணவர் நாச்சிமுத்து போன் போட்டார். அந்தப் பக்கம் கமலாத்தாளே எடுத்தாள். நல்ல மனுஷி, ஆனால் மானம் போனால் விடமாட்டாள். முகூர்த்தப் பட்டை எடுத்துக்கொண்டு, பெண்ணின் அம்மா கையாலேயே ஜாக்கெட் தைக்கட்டும் என்று ஆசையாக வந்தவள் அவள்.

"ஆளு தெரியலீங்களாம் அவளுக்கு" என்றார் நாச்சிமுத்து.

"ஏனுங்க, பக்கத்துல உக்காந்து சோறு தின்னவளைத் தெரியாதுங்களா? அன்னிக்கு என்ற காதையே பாத்துட்டிருந்தாங்க, நானும் கவனிச்சேன். வைரத்தோடு போட்டிருந்தா சம்மந்தி. அதைக் கழட்டி வெச்சுட்டு வந்தா ஆளே தெரியாதாக்கும். அப்படிப்பட்ட எடம் எங்களுக்கு வேண்டாமுங்க. உங்க ஊட்டுல சொன்னபடியே நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

நாச்சிமுத்து போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். பூவாத்தாளால் மறுக்க முடியவில்லை. தோடு இல்லாததால்தான் தெரியவில்லை என்பது சத்தியமான உண்மை. அன்றைக்குத் தாரணி சாப்பிடவில்லை. அம்மாவைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பூவாத்தாளுக்கு இருந்தது.

தாரணி கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வேலை செய்கிறாள். அங்கே கல்பாத்தி அக்ரஹாரத்தைச் சேர்ந்த ஸ்ரீலேகா என்பவர், படிக்கும்போது கண் எப்படி நகர்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார். படிக்கத் திணறுகிற குழந்தைகளைக் கூட்டி வந்து உட்காரவைப்பதும் கேமராவைச் சரிசெய்வதும் தாரணியின் வேலை. மறுநாள் வேலையில் அழுதுவிட்டாள். ஸ்ரீலேகா முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உன்னைப் பள்ளிக்கூட வாசல்ல எப்படிக் கண்டுபிடிப்பா அம்மா?"

தாரணி யோசித்தாள். அம்மா கண்டுபிடித்ததே இல்லை. இவள்தான் ஓடிப் போய்க் கையைப் பிடிப்பாள். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. யூனிபார்மின் பின்கழுத்தில் அம்மா நீல நூலில் ஒரு சின்னப் பூ போட்டு வைப்பாள். வேறு எந்தப் பிள்ளைக்கும் அது கிடையாது. அழகுக்குப் போட்டது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே பூவாத்தாளை பஸ் ஏற்றி அழைத்துப் போனாள்.

"ஒண்ணும் பயப்படண்டாம். தாடையை இங்க வெச்சிண்டு ஸ்க்ரீனைப் பாருங்கோ. உங்க கண் எங்கெங்க போறதோ, அதை இந்தக் கேமரா பாத்துக்கும்" என்றார் ஸ்ரீலேகா.

"கண்ணு போற எடத்தையெல்லாம் காட்டிக் குடுத்துருங்களா இது?"

"காட்டிக் குடுத்துடும்."

"அப்ப எங்க ஊட்டுக்காரரையுங் கூட்டியாந்திருக்கோணும் அம்மிணி."

முதலில் படிக்கக் கொடுத்தார்கள். மலையாளத்தில் ஒரு பத்தி, தமிழில் ஒரு பத்தி. முடிந்ததும் ஸ்ரீலேகா திரையில் காட்டினார். கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. நிற்கிற இடத்தில்தான் படிக்கிறது. நின்ற இடமெல்லாம் புள்ளி, தாவியதெல்லாம் கோடு.

"அட, ஓட்டுத்தையலாட்ட இருக்குது" என்றாள் பூவாத்தாள்.

"இதைவிட நன்னா நான் ஒருநாளும் சொன்னதில்லை" என்று சிரித்தார் ஸ்ரீலேகா. மலையாளத்தில் தையல் நீள நீளமாக, சீராகப் போயிருந்தது. தமிழில் நெருக்கி நெருக்கி விழுந்திருந்தது, நடுவில் பிரித்துத் தைத்த மாதிரி திரும்பித் திரும்பி வேறு வந்திருந்தது. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம் என்பதை யாரும் சொல்லாமலே கண் சொல்லிவிட்டது.

அடுத்து ஒரு கல்யாணக் கூட்டத்தின் படம். பூவாத்தாளின் கண் மணமக்களை விட்டுவிட்டு, ஓரத்தில் நின்ற ஒரு பெண்ணின் ஜாக்கெட் கைக்குழியில் போய் உட்கார்ந்திருந்தது. "அக்குள்ல சுருக்கம் உளுந்திருக்குது பாருங்க அம்மிணி, வெட்டுனதே தப்பு" என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

"கவனம்னா இதாக்கும். மனசு எதுல ஊறியிருக்கோ, கண் அங்கதான் முதல்ல போகும். உங்களுக்குக் கவனம் பத்தாதுன்னு யார் சொன்னா?"

பிறகு முகங்கள். சாதாரணமாகப் பார்க்கிறவர்களின் புள்ளிகள் இரண்டு கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் சுற்றிச் சுற்றி விழும். தாரணியின் புள்ளிகளை மாதிரிக்குக் காட்டினார். பூவாத்தாளின் புள்ளிகள் காதில், முடியோரத்தில், தாடையில், ஜாக்கெட் கழுத்தில். முகத்தின் நடுவில் மட்டும் ஆள் நடமாட்டமே இல்லை. நிச்சயதார்த்தப் படத்தில் கமலாத்தாளின் வைரத்தோடு புள்ளிகளால் மூடிப்போயிருந்தது.

"இது கண் குத்தமில்லை. கவனக்குறைவும் இல்லை. சில பேருக்குப் பிறவியிலேயே முகம் பிடிபடாது. அவா தங்களுக்குக் கிடைச்ச இடத்தைப் பிடிச்சிண்டு சமாளிப்பா. நிறையப் பேருக்குத் தனக்கு இப்படின்னே தெரியாது."

பூவாத்தாள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப இது திமிரில்லீங்களா அம்மிணி?"

"இல்லவே இல்லை" என்றார் ஸ்ரீலேகா.

கடைசியாக ஒரு வரிசை முகங்கள் வந்தன. காது, முடி, கழுத்து எல்லாவற்றையும் மறைத்து, முகத்தை மட்டும் விட்ட படங்கள். ஒவ்வொன்றுக்கும் "தெரியலீங்க, தெரியலீங்க" என்றே சொல்லி வந்தாள். நடுவில் ஒரு இளம்பெண் முகத்துக்கும் அதையே சொன்னாள். பின்னால் நின்றிருந்த தாரணி ஜன்னல் பக்கம் போய்விட்டாள். அது அவள் முகம்.

ஸ்ரீலேகா படங்களை அருகருகே வைத்துக் காட்டினார். தெரியாத முகங்களில் பூவாத்தாளின் கண் பிடி கிடைக்காமல் ஓரமெல்லாம் அலைந்திருந்தது. அந்த ஒரு முகத்தில் மட்டும் அலையவில்லை. நடுவில் போய் நின்றது, அங்கேயே இருந்தது.

"வாய் தெரியலைன்னுடுத்து. கண் வேற மாதிரி நின்னிருக்கு. எல்லாருக்கும் இப்படி வராது. ஒரே ஒரு தடவை வந்ததை வெச்சிண்டு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நின்னிருக்கு."

பூவாத்தாள் அந்தப் புள்ளிகளைத் தொட்டுப் பார்த்தாள். பெற்ற மகளின் முகம் தெரியாத துக்கமும், எங்கேயோ உள்ளே தெரிந்திருக்கிறது என்ற சந்தோஷமும் ஒன்றாக வந்து அழுதாள். தாரணி வந்து அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள்.

ஓணம் முடிந்த கையோடு, நாச்சிமுத்துவையும் ஸ்ரீலேகாவையும் கூட்டிக்கொண்டு பூவாத்தாள் கொழிஞ்சாம்பாறைக்குப் போனாள். வாசலில் இரண்டு பெண்கள் நின்றார்கள். கோபம் எவ்வளவு இருந்தாலும் வாசலுக்கு வந்தவர்களைக் கேட்காமல் இருக்க முடியுமா? "வாங்க" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விறைப்பாகச் சொன்னார்கள். இரண்டு பேர் காதிலும் சின்ன வளையம். பழைய பூவாத்தாளாக இருந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் பார்த்துச் சிரித்திருப்பாள்.

"உங்க ரெண்டு பேர்ல சம்மந்தி ஆருன்னு எனக்குத் தெரியலீங்க" என்றாள். "தெரிஞ்சாப்புல நடிச்சு நடிச்சுத்தான் இத்தனை வம்பும். இனி நடிக்கறதில்லீங்க."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது.

ஸ்ரீலேகா படங்களை விரித்தார். முதல் படமே கமலாத்தாள், தோட்டின் மேல் அப்பிக்கிடக்கிற புள்ளிகள். நாத்தனார் அதைத் தூக்கிப் பிடித்தாள். "பாத்தீங்களா அண்ணி, மெஷினே சொல்லுது. கண்ணு தோட்டு மேலதான்."

"மத்ததையும் பாத்துடுங்கோ" என்றார் ஸ்ரீலேகா.

அடுத்தது ஒரு போலீஸ்காரர், புள்ளிகள் காதில். அடுத்தது ஒரு மொட்டைத் தலைச் சாமியார், காதில். அடுத்தது நாச்சிமுத்து.

"எங்க ஊட்டுக்காரர் காதுல என்னங்க வைரமா இருக்குது, முடிதான் மொளச்சிருக்குது" என்றாள் பூவாத்தாள். நாச்சிமுத்து காதைத் தடவிக்கொண்டார். கமலாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

கடைசிப் படத்தை அவளே எடுத்தாள். "இது நம்ம தாரணியாட்ட இருக்குது."

"அவளேதான். யாருன்னு தெரியலைன்னு அவ அம்மாவே சொன்ன படம்" என்றார் ஸ்ரீலேகா.

கமலாத்தாள் படத்தைப் பார்த்தாள், பூவாத்தாளைப் பார்த்தாள். "பெத்த புள்ள மொகமுங்களா?"

"ஆமாங்க."

கமலாத்தாள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அதே துணிப்பை இருந்தது. அதைப் பூவாத்தாளின் மடியில் வைத்தாள். "ஓணம் கழிஞ்சிருச்சு. இப்பத் தெப்பீங்கல்ல? எனக்கும் ஒண்ணு வேணும். அளவு ஜாக்கெட் உள்ள இருக்குது."

"உங்களுக்கு அளவே வேண்டாமுங்க சம்மந்தி. வலது தோளு ஒரு விரல் எறங்கும், அதுக்குத் தக்கன தெச்சுத் தாரேன்."

"மொகம் தெரியாது, முதுகு தெரியுமாக்கும்" என்றாள் கமலாத்தாள். இந்தத் தடவை சிரித்தேவிட்டாள்.

நாத்தனார் மட்டும் விடவில்லை. "இங்க செரி. மண்டபத்துல ஊரே பட்டுக் கட்டிட்டு வரும். அங்க சம்மந்தியை உட்டுப்போட்டு வேற ஆருக்காச்சும் மொதச் சந்தனம் குடுத்துட்டா, எங்க சனத்துக்கு முன்னால மொகத்தை எங்க கொண்டு வெக்கறது?" என்றாள்.

கார்த்திகை முகூர்த்தம் வரைக்கும் அந்தக் கேள்வி பூவாத்தாளைத் தூங்கவிடவில்லை. கமலாத்தாளின் ஜாக்கெட்டைத் தைத்து முடித்து, தோளுக்கு உள்ளே துணி கொடுத்து இரண்டு பக்கமும் சமமாக்கிப் பார்த்தபோது அவளுக்கே அழகாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. அடையாளம் வைத்திருந்த அந்த ஒரு சாய்வையும் தானே தைத்து மறைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நீல நூலை எடுத்தாள்.

முகூர்த்த நாளன்று மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். மாப்பிள்ளை வீட்டுச் சனம் நாதஸ்வரத்தோடு வந்துகொண்டிருந்தது. முன்வரிசை முழுக்கப் பட்டு, முழுக்கக் கல்தோடு, எல்லாத் தலையிலும் மல்லிகைப் பூ. எல்லாரும் முன்பக்கம் காட்டியே வந்தார்கள். பூவாத்தாளின் கண் காது காதாகத் தாவியது. கிண்ணம் சாய்ந்து சந்தனம் விளிம்பில் வழிந்தது. பக்கத்தில் நாச்சிமுத்து எதையோ கண்ணால் காட்டினார், எந்தப் பக்கம் என்று புரியவில்லை.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண் நின்றாள். மொத்தச் சனமும் அவளுக்குப் பின்னால் நின்றது. சம்பந்தி வீட்டு வாசலில் முதுகைக் காட்டித் திரும்பினால், வந்த காரியம் வேண்டாம் என்று அர்த்தம். அவள் எல்லார் முன்னாலும் திரும்பினாள். நாத்தனார் பதறிப் போய்க் கையைப் பிடித்தாள்; அவள் கையை உதறிவிட்டு முந்தானையை ஒதுக்கினாள். பின்கழுத்தில், பட்டு நெசவுக்கு நடுவே, நீல நூலில் ஒரு சின்னப் பூ.

"எதுக்குன்னு தாரணியைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள் கமலாத்தாள், திரும்பிப் பார்க்காமலே. "இந்த எடத்தைப் பாத்துக்கங்க சம்மந்தி."

பூவாத்தாளுக்குக் கண் நிறைந்து காதும் தெரியவில்லை, தோடும் தெரியவில்லை. பூ மட்டும் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் யாரென்றே தெரியாமல் எத்தனையோ பேரைக் கேட்ட அந்த வார்த்தையை, ஆள் தெரிந்து, வாய் நிறையச் சொன்னாள்.

"வாங்க."